ஆற்காடு சாலையைக் கடை வாசலிலிருந்து வரையுங்கள்

மெட்ரோ பணிக்காகப் பல ஆண்டுகள் தகரத் தடுப்புகளுக்கு நடுவே நெளிந்து கிடந்த சென்னை ஆற்காடு சாலை, வடபழனி முதல் போரூர் வரை, இனி எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதை இப்போதே பேசியாக வேண்டும். கலங்கரை விளக்கம்–பூந்தமல்லி தடத்தின் தூண்கள் சாலையின் நடுவில் நிலைத்துவிட்டன. ஆழ்வார்திருநகர் முதல் ஆலப்பாக்கம் வரை மாதவரம்–சோழிங்கநல்லூர் தடமும் அதே தூண்களின் மீது இரண்டடுக்காகச் செல்கிறது. தூண்கள் எடுத்துக்கொண்ட இடத்தை யாருடைய பங்கிலிருந்து கழிப்பது என்பதே இனி எஞ்சியுள்ள கேள்வி. நம் ஊர் வழக்கப்படி அது நடப்பவர்களின் பங்கிலிருந்துதான் கழியும்.

வாகனங்களுக்கான தார்ப்பரப்பை முதலில் வரைந்து, மிஞ்சியதை நடைபாதை என்று அழைக்கும் முறையைக் கைவிட்டு, கடை வாசலிலிருந்து தொடங்கிச் சாலையின் நடுவை நோக்கி வரைய வேண்டும் என்பது என் கருத்து. நாட்டின் சாலை வடிவமைப்பு நெறிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி, எந்தத் தடையும் இல்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. கடைத்தெருவில் அதற்கும் மேல். மின்மாற்றி, மின்பெட்டி, விளக்குக் கம்பம், பெயர்ப்பலகை எல்லாம் இந்த அகலத்துக்கு வெளியே நிற்க வேண்டியவை. சென்னை மாநகராட்சியும் 2014இல் மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கான கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் ஒதுக்குவதாகச் சொன்னது. ஆகவே புதிதாக எதையும் யாரும் கேட்கவில்லை.

நம் புறநகரில் நடைபாதை என்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் எந்த உயரத்தில் கட்டப்படுகிறதோ அதுவே நடைபாதையின் உயரமாகிவிடுவதால், அது முழங்கால் அளவுக்கு எழும்புவதும், ஒவ்வொரு கடையின் வண்டிப் பாதைக்காகவும் சரிவதும், மீண்டும் எழும்புவதுமாகச் செல்கிறது. மூட்டு வலி உள்ள முதியவர் ஒருவர் இரண்டு ஏற்ற இறக்கங்களுக்குப் பிறகு சாலையில் இறங்கி நடந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. விளிம்புக்கல் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நடைபாதை ஒரே மட்டத்தில் தொடர, குறுக்கே வரும் வாகனமே ஏறி இறங்க வேண்டும். தூண்களில் ஓவியம் தீட்டி அடியில் செடித்தொட்டி வைப்பதெல்லாம் இதற்குப் பிறகுதான் (அந்தச் செடிகளுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது தனிக்கதை).

தோண்டுவதில் ஒழுங்கு வராவிட்டால் இந்த வரைபடம் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காது. தார்ப்பரப்பு ஒரு துறையிடம், குடிநீர்க் குழாய் வேறொரு வாரியத்திடம், மின்வடம் இன்னொன்றிடம், வடிகால் மற்றொன்றிடம் என்றிருக்க, ஒருவர் மூடிய பள்ளத்தை அடுத்தவர் திறக்கிறார். பெங்களூருவில் டெண்டர்ஷ்யூர் என்ற பெயரில் சீரமைத்த சாலைகளில், நிலத்தடிக் குழாய்களையும் வடங்களையும் நடைபாதைக்கு அடியில் முறைப்படுத்திவிட்டு, வாகனத் தடங்களைச் சீரான அகலத்தில் அமைத்தார்கள். சாலை குறுகிவிட்டது என்ற முணுமுணுப்பு அங்கும் எழுந்தது.

2019இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே மக்கள் பொருள் வாங்க வருகிறார்கள். இங்கே பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கடந்து செல்கிறார்கள். எனவே பளபளக்கும் கல்தளத்தைவிட, பேருந்து நிற்கும் இடத்திலேயே அமையும் நிழற்குடையும், மெட்ரோ படிக்கட்டு இறங்குமிடத்தில் ஷேர் ஆட்டோவுக்கு ஒதுக்கிய இடமும், சமதளத்தில் சாலையைக் கடக்கும் வழியும்தான் இங்கே தேவை. பூக்காரரையும் இளநீர்க்காரரையும் வரைபடத்தில் சேர்க்காமல் விட்டால், அவர்கள் அந்த 1.8 மீட்டருக்குள்தான் வந்து உட்காருவார்கள். 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கவும் வழி செய்கிறது. மரங்களைப் பொறுத்தவரை, 2016 வர்தா புயலுக்குப் பிறகும் குல்மோகரை நடுவது அசட்டுத்தனம். வேம்பும் புங்கையும், சுற்றிலும் கான்கிரீட் பூசாத மண்ணும் போதும்.

கடைக்காரர்கள் வாகன நிறுத்தம் பற்றிக் கவலைப்படுவது நியாயமே. அதற்குப் பக்கத் தெருக்களில் கட்டண நிறுத்தம் வேண்டும். அது எங்கே என்பதை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே சொல்ல வேண்டும். வரைபடத்தைத் தமிழில், அளவுகளோடு, வார்டு வாரியாகப் பகுதி சபைக் கூட்டங்களில் வைக்கட்டும். வளசரவாக்கத்தில் ஒரு சிறு நீளத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினால், அதன் மேல் நடந்து பார்த்தே மக்கள் குறை சொல்வார்கள்.