அந்தப் பேனாவுக்கு இரண்டு நாள் முன்னால்

நேற்றிலிருந்து அந்தப் பேனா வீடியோ மறுபடி சுற்றுகிறது. எது என்று உங்களுக்கே தெரியும். புதின் பேனாவைத் தூக்கிப் போடுகிறார், ஆலை முதலாளியான கோடீஸ்வரர் ஒலெக் தெரிபாஸ்கா எழுந்து வந்து ஆலையை மறுபடி ஓட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார், "பேனாவைத் திருப்பிக் கொடுங்கள்" என்கிறார் புதின். இந்த முறை பின்னணியில் மாஸ் இசை வேறு. "தலைவன்னா இப்படி இருக்கணும்" என்று எழுதியிருந்த அண்ணனிடம், அது எந்த ஊர் என்று கேட்டேன். "ஊர் பேரா முக்கியம்?" என்றார்.

முக்கியம்தான் அண்ணே. ஊர் பிகல்யோவோ. ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்குக்குக் கிழக்கே, 2009இல் சுமார் 22,000 பேர் இருந்த ஊர். ஆலைதான் ஊர். வடக்கே கோலா தீபகற்பத்தில் உரத்துக்காக அபடைட் என்ற கனிமத்தை எடுக்கும்போது மிஞ்சும் நெஃபெலின் என்ற இன்னொரு கனிமத்தை ரயிலில் கொண்டுவந்து, சுண்ணாம்புக்கல்லோடு சூளையில் சுட்டு, 1959 முதல் அலுமினா, அதாவது அலுமினியத்துக்கான மூலப்பொருள், எடுத்தார்கள். மிஞ்சிய சகதி சிமெண்ட்டுக்கு. மிஞ்சிய கரைசல் சோடாவுக்கும் பொட்டாஷுக்கும். சோறு வடித்த கஞ்சியைக்கூடக் கீழே ஊற்றாத வீடு மாதிரி. சோவியத் போனபின் அந்த ஒரே அடுப்பை மூன்றாக்கி மூன்று முதலாளிகளிடம் கொடுத்தார்கள். அப்புறம் என்ன, விலைத் தகராறு. 2008 உலகப் பொருளாதார நெருக்கடியில் அலுமினா நின்றது, சகதி வராமல் சிமெண்ட்டும் கரைசல் வராமல் சோடாவும் நின்றன. ஊருக்கு வெந்நீர் கொடுத்ததும் ஆலையின் அனல்மின் நிலையம்தான். எரிவாயு பாக்கி கட்டாததால் 2009 மே மாதம் அதுவும் போயிற்று.

அதே மே மாதம் மக்கள் நகர நிர்வாகக் கூட்டத்துக்குள் புகுந்து கேட்டார்கள். பதில் இல்லை. ஜூன் 2ஆம் தேதி சில நூறு பேர் வோலக்தா நெடுஞ்சாலையில் இறங்கி மறித்தார்கள். ஜூன் 4ஆம் தேதி அன்றைய பிரதமர் புதின் வந்தார். தேதியை மட்டும் பாருங்கள். சம்பளம் நின்று மாதக்கணக்காயிற்று, அப்போதெல்லாம் பேனா எங்கே இருந்தது? சட்டைப்பையில்தானே?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அப்பா வேலை பார்த்த ஆலையிலும் ஏழு மாதம் சம்பளம் வரவில்லை. மளிகைக்கடைக்காரர் கடன் நோட்டை மூடி வைத்துவிட்டார். அம்மாவின் தோடு போனது. கடைசியில் எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்தார்கள், மறுநாள் பேச்சுவார்த்தை. பத்திரிகையில் வந்த படத்தில் அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் தெரிந்த முழங்கை அப்பாவுடையது என்று அம்மா சொல்வார்.

"கையெழுத்து வாங்கிக் கொடுத்தாரா இல்லையா?" என்பீர்கள். கொடுத்தார். 4 கோடி ரூபிளுக்கு மேல் சம்பள பாக்கி வந்தது, ஆலைகள் மறுபடி ஓடின. ஒப்புக்கொள்கிறேன், போதுமா? ஆனால் 2000இலிருந்து 2008 வரை அந்த நாட்டின் அதிபர் யார்? "நான் வருவதற்கு முன் ஏன் கரப்பான்பூச்சி மாதிரி ஓடினீர்கள்?" என்று கேமரா முன்னால் கேட்டாரே, அவர்தான். ஒற்றை ஆலையை நம்பி அங்கே முந்நூறுக்கும் மேல் ஊர்கள். எத்தனை பேனா வாங்குவது?

"அப்போ நீ அமெரிக்கா ஆளா?" ஆமாம், மாதாமாதம் டாலரில் வருகிறது, சந்தோஷமா?

உண்மையைச் சொல்கிறேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் இனித்தது. 2008இல் ரஷ்யாவின் முதல் பணக்காரர், பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்கிறார். யாருக்குத்தான் பிடிக்காது? அந்த இனிப்பைக் காட்டித்தான் ரோட்டில் நின்றவர்களைப் படத்திலிருந்து வெட்டிவிட்டார்கள். அவர்களுக்கு யாரும் இசை போடவில்லை. ஒரு முழங்கைகூட இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அதே வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா போட்டிருக்கிறார். கீழே மூன்று கைதட்டல். போட்டது அப்பா.