ரிவர்சைடு பசங்களும் என் தம்பியும்

நாலஞ்சு நாளா வாட்ஸப்ல ஒரு வீடியோ சுத்திக்கிட்டு இருக்கு. காது கேக்காத பசங்க அமெரிக்கன் ஃபுட்பால், அதான் பந்தக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுற ஆட்டம், ஆடுறாங்க, கீழ "ஊனத்தை வென்ற வீரர்கள்"னு எழுதி, பின்னாடி சோகமா ஒரு வயலின். எங்க குடும்ப குரூப்லயே மூணு பேரு போட்டுட்டாங்க, சித்தி எனக்குத் தனியாவும் அனுப்பி "நம்ம தம்பிய நெனச்சேன்டா"ன்னு எழுதியிருந்தாங்க. சித்தி மேல எனக்கு ஒண்ணும் இல்ல, பாசத்துல அனுப்பினது. ஆனா வீடியோவுக்குக் கீழ இருக்கிற அந்த "ஊனத்தை வென்ற"ங்கிற வரி தப்பு. அந்த டீம நான் நேர்ல பாத்திருக்கேன், ஏன் தப்புன்னு சொல்லியே ஆகணும்போல இருக்கு. நீளமா போகும், பொறுமையா படிங்க.

அந்த டீம் பேரு கப்ஸ். கலிஃபோர்னியா ஸ்கூல் ஃபார் த டெஃப், ரிவர்சைடு. லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து கிழக்க ஒரு 50 மைல், ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் பேர் போன ஊரு, நான் இருக்கிற எடத்துல இருந்து கார்ல அரைமணி நேரம். 1953ல ஆரம்பிச்ச அரசாங்கப் பள்ளிக்கூடம். கலிஃபோர்னியாவுல காது கேக்காத பிள்ளைங்களுக்குன்னு மாநில அரசு நடத்துறது ரெண்டே ரெண்டு, இன்னொண்ணு வடக்க ஃப்ரீமாண்ட்ல இருக்கு. பிள்ளைங்க எண்ணிக்கை கம்மி, அதனால பதினோரு பேர் ஆட்டம் கெடையாது, எட்டுப் பேர் ஆட்டம்தான். சின்னப் பள்ளிக்கூடங்களுக்குன்னே இருக்கிற வகை அது. ஆள் கம்மி, எடம் காலியா கெடக்கும், ஓட ஆரம்பிச்சவன் ஓடிக்கிட்டே இருப்பான், ஸ்கோரெல்லாம் நம்மூரு கபடி ஸ்கோர் மாதிரி எகிறும்.

எல்லாரும் இந்தக் கதைய ஜெயிச்சதுல இருந்து ஆரம்பிக்கிறாங்க. நான் தோத்ததுல இருந்து சொல்றேன். 2021க்கு முன்னாடி ஏழு சீசன் வரிசையா ஜெயிச்சதவிட தோத்ததுதான் ஜாஸ்தி. அறுபத்தெட்டு வருசத்துல அந்தப் பள்ளிக்கூடம் ஒரு தடவ கூட பிரிவு சாம்பியன் ஆனதில்ல. 2021ல திடீர்னு ஒரு மேட்ச் கூட தோக்காம போய்க்கிட்டே இருக்காங்க, பிளேஆஃப்ல ஒரு டீம 84-12ன்னு அடிச்சாங்க, நியூயார்க் டைம்ஸ்ல வந்துச்சு, நாடே திரும்பிப் பாத்துச்சு. அப்படியே ஃபைனல். எதிர்ல ஃபெய்த் பாப்டிஸ்ட்ங்கிற பள்ளிக்கூடம். 74-22. ஆமா, தோத்துட்டாங்க, பலத்த அடி. படக் கதையா இருந்தா அன்னிக்கு ஜெயிச்சிருப்பாங்க.

அடுத்த வருசம் 2022, அதே ஃபைனல், எதிர்ல அதே ஃபெய்த் பாப்டிஸ்ட். 80-26. இந்தத் தடவ 80 இவங்க பக்கம். பள்ளிக்கூடம் ஆரம்பிச்சதுல இருந்து ஃபுட்பால்ல முதல் பிரிவுக் கோப்பை அதுதான். 2023லயும் மறுபடி சாம்பியன். ஒரு வருசத்துல 52 பாயிண்ட் வித்தியாசத்துல தோத்தவன் அடுத்த வருசம் அதே டீம 54 வித்தியாசத்துல ஜெயிக்கிறான்னா நடுவுல என்ன நடந்துச்சுன்னு தான கேக்கணும், அத விட்டுட்டு அய்யோ பாவம் காது கேக்காதேன்னு வயலின் வாசிச்சா எப்படி.

நான் போன மேட்ச் 2022ல, சீசன் நடுவுல சாதாரண ஒரு ஆட்டம். கூட வேல பாக்கிற ஒருத்தரோட பொண்ணு அந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது, அவருதான் கூட்டிட்டுப் போனாரு. அமைதியா இருக்கும்னு நெனச்சுப் போனேன். அமைதியெல்லாம் இல்ல. ஹெல்மெட்டு ஹெல்மெட்டா மோதுற சத்தம், பசங்க மூச்சு, தொண்டையில இருந்து வர்ற கத்தல் எல்லாமே இருக்கு. இல்லாதது பேச்சு மட்டும்தான், பேச்சு கையில நடக்குது. மைதானத்துக்கு அந்தப் பக்கம் நிக்கிற பையன்கிட்ட இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற அம்மா பேசுறாங்க, சாப்பிட்டியான்னு கேக்குறாங்க போல, நடுவுல அவ்வளவு தூரம் இருக்கு, எனக்கு அந்தத் தூரத்துக்குத் தொண்ட கிழியக் கத்தினாலும் போய்ச் சேராது. டச்டவுன் விழுந்தா, அதாவது பந்தோட கடைசிக் கோட்டத் தாண்டிப் பாயிண்ட் எடுத்தா, கூட்டம் மொத்தமும் ரெண்டு கையையும் தூக்கி விரல விரிச்சு ஆட்டுது, அதான் அவங்க கைதட்டு. காத்துல தென்னங்கீத்து ஆடுற மாதிரி இருந்துச்சு எனக்கு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அப்ப தலைமைக் கோச் கீத் ஆடம்ஸ், அவரும் காது கேக்காதவரு. கூட இருந்த கோச்சுங்களும் அப்படித்தான். அவரோட ரெண்டு பசங்களும் அந்த டீம்ல ஆடுனாங்க. அதாவது கோச்சுக்கும் பையனுக்கும் நடுவுல யாரும் மொழிபெயர்க்கல. மத்த டீம்ல ஒரு பிளே, அதாவது ஒரு தடவ பந்த எடுத்து ஆடுறது, முடிஞ்சா எல்லாரும் வட்டமா கூடி அடுத்தது என்னன்னு குசுகுசுன்னு பேசி, அப்புறம் கலைஞ்சு போய் நிப்பாங்க. கப்ஸ் பசங்களுக்கு அந்த வட்டமே தேவையில்ல. கோச் ஓரத்துல நின்னு கையால சொல்றாரு, எட்டு பேரும் நின்ன எடத்துல இருந்தே பாத்துடறானுங்க, முடிஞ்சுது. எதிர் டீம் மூச்சு வாங்குறதுக்குள்ள அடுத்த பிளே. எதிராளி பாத்தாலும் ஒண்ணும் புரியாது.

அந்த வட்டத்துக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, சொல்லாம இருக்க முடியல. ஹடில்னு சொல்றோமே, இன்னிக்கு அமெரிக்கா பூரா ஒவ்வொரு டீமும் பண்றது, அதைக் கொண்டு வந்ததே காது கேக்காதவங்கதான்னு சொல்வாங்க. வாஷிங்டன்ல காது கேக்காதவங்களுக்கான காலடெட் காலேஜ், 1894 வாக்குல பால் ஹப்பர்ட்ங்கிற குவார்ட்டர்பேக், அதாவது பந்த வாங்கி ஆட்டத்த நடத்துறவரு, எதிர்ல ஆடுறதும் இன்னொரு காது கேக்காதவங்க டீம். கைய அசைச்சா அவனும் படிச்சுடுவான்ல? அதனால ஆளுங்களை வட்டமா நிக்க வெச்சு கைய மறைச்சுக்கிட்டாரு. சைகை மொழி தெரிஞ்சவன் எதிர்ல இருந்ததால பொறந்த பழக்கம் அது.

இன்னொண்ணும் கவனிச்சேன். பந்த எடுக்குறதுக்கு முன்னாடி குவார்ட்டர்பேக் குரல ஏத்தி எறக்கி ஏமாத்துவான், அந்தச் சத்தத்துக்கு எதிராளி முன்கூட்டியே பாஞ்சா பெனால்டி. இந்தப் பசங்ககிட்ட அந்த வித்தை செல்லாது, இவனுங்க கண்ணு பந்து மேல, பந்து அசைஞ்சாத்தான் இவனுங்க அசைவானுங்க. அதுக்காக எல்லாமே சாதகம்னு நான் சொல்லல. பின்னாடி இருந்து ஒருத்தன் இடிக்க வர்றான்னா "டேய் பாத்து"ன்னு யாரும் கத்திக் காப்பாத்த முடியாது. ரெஃப்ரி விசில் கேக்காது, அவரு கைய ஆட்டணும், ஆட்டுறத இவனும் பாக்கணும். அந்தக் கஷ்டம் இருக்கு, அதுக்கேத்த மாதிரிதான் பழகுறாங்க.

ஆனா ஒண்ணு. இதுல நெறைய பசங்க முன்னாடி காது கேக்குறவங்க பள்ளிக்கூடத்துல படிச்சவங்க. அங்கயும் அவங்களுக்குத் தெறமை இருந்துச்சு. பெஞ்சுல ஓரமா உக்காந்திருந்தானுங்க, ஏன்னா கோச் என்ன சொல்றாருன்னு தெரியாது, டீம்ல யாரும் பேசுறதில்ல. அதே பையன், அதே காதுதான், எடத்த மாத்துனதும் சாம்பியன். அப்ப எங்க இருந்துச்சு ஊனம்?

இத எழுதும்போது தம்பி ஞாபகம் வராம இருக்காது. எங்க ஊரு விருதுநகர் பக்கம் ஒரு கிராமம், அவன் பொறவியிலேயே காது கேக்காதவன். காது கேக்காத பிள்ளைங்க பத்துல ஒன்பதுக்கு மேல காது கேக்குற அப்பா அம்மாவுக்குத்தான் பொறக்குதுங்க, எங்க வீடும் அப்படித்தான், என்ன பண்றதுன்னு யாருக்கும் தெரியல. ஒரு ஸ்பெஷல் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. அங்க சைகை கூடாது. கைய அசைச்சா ஸ்கேலால கை மேலயே அடி. வாயப் பாத்துப் புரிஞ்சுக்கணும், வாயால பேசணும். 1880ல இத்தாலியில மிலான்ல ஒரு மாநாடு போட்டு, காது கேக்காத பிள்ளைங்களுக்குப் பேச்சு வழியாத்தான் சொல்லிக்கொடுக்கணும், சைகை வேணாம்னு தீர்மானம் போட்டாங்க, அது உலகம் பூராப் பரவி நூறு வருசத்துக்கு மேல கழிச்சு எங்க தம்பி வெரல்ல வந்து விழுந்துச்சு. எட்டு வருசம் படிச்சான். அம்மா, அப்பா, தண்ணி, இன்னும் ஒரு இருபது வார்த்தை வந்துச்சு.

ஆனா கபடியில அவன் புலி. கார்னர்ல நின்னான்னா கால புடிச்சா விடமாட்டான். ரைடுக்கு மட்டும் அனுப்ப மாட்டாங்க, கபடி கபடின்னு விடாம பாடிக்கிட்டுப் போகணும்ல, அவன் பாடுனா ரெஃப்ரிக்கு அது கபடின்னே தெரியாது, அவுட்டு குடுத்துடுவாரு. சரி, புடிக்கவாவது வெச்சிருந்தாங்க. அப்புறம் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துல ஒரு போட்டி, கடைசி ரெண்டு நிமிசம், வர்ற ரைடரை யாரும் தொடாதீங்க, சும்மா விடுங்க, நாம முன்னாடி இருக்கோம்னு கேப்டன் சொல்லியிருக்கான். ஆறு பேருக்குக் கேட்டுச்சு. இவன் பாஞ்சுட்டான். புடி நழுவி பாயிண்ட் போயி, அதோட மேட்ச்சும் போச்சு. அன்னிக்கு அவனுங்க திட்டுனத நான் இங்க எழுதல. அவனுக்கு ஏன் திட்டுறாங்கன்னே தெரியல, அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தாங்கல. எல்லார் முகத்தையும் பாத்துப் பாத்து என்னாச்சு என்னாச்சுன்னு கேக்குறான், நான் அங்கதான் நிக்கிறேன், எனக்குச் சொல்லத் தெரியல. அண்ணன்காரன், பதினேழு வயசு, தம்பிகிட்ட "ரைடரை விடச் சொன்னாங்கடா"ன்னு ஒரு வரி சொல்ற மொழி எங்கிட்ட இல்ல.

அதுக்கப்புறம் அவன் ஆடல.

இருபத்திரெண்டு வயசுல மதுரையில காது கேக்காதவங்க கூடுற எடத்துக்கு யாரோ கூட்டிட்டுப் போயி, ஒரே வருசத்துல ஆளே மாறிட்டான். அடிச்சு நிறுத்துன கைதான், அதுல இப்ப அரசியல் பேசுறான், சண்ட போடுறான், எனக்குப் பொண்ணு பாத்த கதைய அங்க எல்லாருக்கும் சொல்லியிருக்கான். சிவகாசியில பிரிண்டிங் பிரஸ்ல வேல. நான் சைகை கத்துக்கிட்டது முப்பது வயசு தாண்டி, வீடியோ கால்ல, அவன் கிட்டயே.

அதனால சித்திக்கும் மத்தவங்களுக்கும் நான் சொல்றது இதுதான், கப்ஸ் பசங்க எதையும் "வெல்லல". அவங்களுக்கு ஒரு மொழி இருந்துச்சு, அந்த மொழியில திட்டவும் சொல்லிக்கொடுக்கவும் தெரிஞ்ச பெரியவங்க இருந்தாங்க, ஏழு வருசம் தோத்தாலும் டீம மூடாத பள்ளிக்கூடம் ஒண்ணு இருந்துச்சு. இங்க எல்லாப் பிள்ளைங்களையும் சாதாரணப் பள்ளிக்கூடத்துலயே சேருங்க, அதுதான் சமத்துவம்னு சொல்றவங்க இருக்காங்க. நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா நாப்பது பேரு வாயசைக்கிற கிளாஸ்ல ஒத்தப் பிள்ளைய உக்கார வெச்சா அது சேத்துக்கிட்டதா ஆகாது, தனியா விட்டதுதான். கலிஃபோர்னியா கவர்னர் 2022ல அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புது மைதானம், ஓடுதளம்னு 4 கோடியே 30 லட்சம் டாலர் அறிவிச்சாரு, அதே வருசம் பிப்ரவரியில அந்த ஆட்டத்தோட பெரிய ஃபைனலான சூப்பர் பௌல் டாஸுக்கு கப்ஸ் கேப்டன்களை மைதானத்துக்கே கூப்ட்டாங்க. சந்தோசம். எனக்கு அதவிடப் பெருசாத் தெரியிறது அந்த ஓரத்துல நின்ன கோச்சோட கைதான்.

போன ஞாயித்துக்கெழம தம்பிகிட்ட இந்தக் கதைய வீடியோ கால்ல சொன்னேன். அமெரிக்கச் சைகை வேற, நம்மது வேற, அதனால வீடியோல பேசுறது அவனுக்குப் பாதி புரியல, ஆனா கண்ணு எடுக்கல. கோச் காது கேக்குறவரான்னு கேட்டான். இல்லன்னேன். மறுபடி கேட்டான், மறுபடி சொன்னேன். அப்ப ஒருத்தன் தப்புப் பண்ணிட்டா அவன்கிட்ட யாரு போய்ச் சொல்வாங்கன்னு கேட்டான். எல்லாரும்னேன். கொஞ்ச நேரம் கை ரெண்டும் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்.

80-26 மேட்ச் லிங்க் அனுப்பட்டுமான்னு கேட்டேன். வேணாமாம். 74-22 வேணுமாம். தோத்து முடிச்சதும் அவனுங்க ஒருத்தனுக்கொருத்தன் என்ன சொல்லிக்கிட்டாங்கன்னு பாக்கணுமாம். தேடிக்கிட்டு இருக்கேன், முழு வீடியோ யாருகிட்டயாவது இருந்தா இன்பாக்ஸ்ல அனுப்புங்க, கடைசிப் பத்து நிமிசம் இருந்தாக்கூடப் போதும்.