அளவே இல்லாத கடையில் அளவு கேட்டால் குற்றமா?

பஃபே கடையில் சுகர்காரர் ஒருவர் நாலு துண்டு சிக்கன் டிக்காவும் ஒரு கரண்டி சுண்டலும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் போதும், மேசையே பஞ்சாயத்து ஆகிவிடும். "இவ்ளோ காசு குடுத்துட்டு இதுதானா?" "வந்ததுக்கு ஒரு கட்டு கட்ட வேண்டாமா?" "ஒருநாள்தானே, ராத்திரி மாத்திரையை ஒண்ணு சேர்த்துப் போட்டுக்க."

இந்தக் கடைசி வைத்தியரைத்தான் முதலில் பிடித்து உட்கார வைக்க வேண்டும். மெட்ஃபார்மின் தின்றதை எரிக்கிற மாத்திரை இல்லை ஐயா, கல்லீரல் சர்க்கரையை வெளியே கொட்டுவதைக் குறைக்கிற மாத்திரை. ஜாமூனுக்கு ஈடாக ஒன்று கூடப் போட்டால் வயிறு கலக்குவதுதான் மிச்சம். கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற கிளிமிபிரைடு மாத்திரையைக் கூட்டினால் இன்னும் மோசம், நடுராத்திரி வேர்த்துக்கொட்டி சுகர் 70-க்குக் கீழே இறங்கும். அப்போது நீங்களா எழுந்து வரப்போகிறீர்கள்?

கடைக்காரர் லட்சணம் தனி. 1 மணிக்கு மேசை என்பார்கள், 1.40 வரை வாசலில் நிற்க வைத்து "இதோ சார், அஞ்சே நிமிஷம்" என்பார்கள். ரெகுலர் இன்சுலினோ, வேகமானதும் மெதுவானதும் கலந்த 30/70 இன்சுலினோ போடுகிறவர் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட வேண்டும். வேகமான ரக இன்சுலின் 10-15 நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். வீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பியவருக்கு வாசலிலேயே சுகர் இறங்கிக் கை நடுங்கும். அதனால் இந்தக் கடைகளில் மேசை கிடைத்து, சாப்பாடு கண்ணுக்குத் தெரிந்தபிறகே ஊசி; அரைமணி காக்க வேண்டியவர் அதன்பிறகு காக்கட்டும். அதையும் கழிவறையில் போய்ப் போட வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசட்டும். இன்சுலின் பேனாவில் 4 மி.மீ. ஊசி. மருந்து வருகிறதா என்று 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்த்து, வயிற்றில் போட்டு, பத்து எண்ணி எடுத்தால் முடிந்தது. பக்கத்து மேசைக்குத் தெரியக்கூடத் தெரியாது. நம் பக்க மரியாதை ஒன்று உண்டு: கழற்றிய ஊசியை டிஷ்யூவில் சுருட்டித் தட்டில் போடாதீர்கள், மேசை துடைக்கிறவர் விரலில் குத்தும். மூடி போட்டு வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். இனிப்புப் பக்கம் போகாவிட்டால் தப்பித்தோம் என்பது பொய். கோபி 65-ல் பாதி கார்ன்ஃப்ளாரும் மைதாவும்தான். மஞ்சூரியன் குழம்பில் கெட்சப், கெட்டியான சூப்பில் மறுபடி கார்ன்ஃப்ளார், பன்னீர் பட்டர் மசாலாவில் புளிப்பை அடக்கச் சர்க்கரை. சாலட் என்று எழுதிய கிண்ணத்தில் ஸ்வீட் கார்ன். "சுகர்ஃப்ரீ" அல்வாவில் சர்க்கரைதான் இல்லை, மாவு இருக்கிறதே! எதில் என்ன போட்டீர்கள் என்று கேட்டால் "கிச்சன்ல கேக்கணும் சார்" என்று போகிறவர் திரும்பி வருவதே இல்லை.

தட்டை எடுக்காமல் முதலில் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். காய், சுண்டல், டிக்கா முதலில், சோறு கடைசியில். வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம், ஆகவே கரண்டியின் அளவைக் கவனித்துப் போடுங்கள். பிரியாணியில் இன்னொரு வில்லங்கம்: நெய்யும் எண்ணெயும் செரிமானத்தை இழுத்தடிக்கும். இரண்டு மணிநேரத்தில் மீட்டர் நல்ல பிள்ளையாக இருக்கும், நாலு மணிநேரத்தில் எகிறும். அதைப் பார்த்துப் பதறி ஊசிமேல் ஊசி போட்டால் இரண்டு ஊசியும் சேர்ந்து சுகரை அதலபாதாளத்துக்கு இறக்கிக் காலை வாரிவிடும். பஃபே நாளில் டோஸை எப்படிப் பிரிப்பது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

"வீணாக்கினால் அபராதம்" போர்டு நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கேட்காமலே கம்பியில் சுட்ட டிக்காவைத் தட்டில் உருவிவிட்டுப் போவது யார்? வாழை இலை மெஸ்ஸில் இலைக்குமேல் கையை நீட்டினால் சாதம் நின்றுவிடும் (பாதி நேரம் விரலிடுக்கில் விழும், அது வேறு கதை). பல மெஸ்களில் லிமிடெட் மீல்ஸும் உண்டு, குறைவாகத் தின்றால் குறைந்த காசு. பஃபேயில் பிள்ளைகளுக்குத் தனி விலை போடத் தெரிகிறது, அரைத்தட்டு தின்கிறவருக்கு மட்டும் முழு விலை, கூடவே ஜிஎஸ்டி.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், லோ சுகர் வரும்வரை. "வெளி உணவுக்கு அனுமதி இல்லை" என்று குளுக்கோஸ் டப்பாவைத் தடுக்கிற வாசல்காரருக்கு அது மருந்து என்று யாராவது சொல்லிக்கொடுங்கள். இத்தனை இனிப்பு இருக்கிறதே என்று ஐஸ்கிரீமை நீட்டாதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். 15 கிராம் குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். குடலில் சர்க்கரை உடைவதைத் தாமதமாக்குகிற வோக்லிபோஸ் மாத்திரை போடுகிறவருக்குச் சாதாரணச் சர்க்கரையும் சட்டென்று உதவாது, குளுக்கோஸேதான் வேண்டும். மற்றவர்களுக்கு 150 மி.லி. சாதாரண கோக் போதும். அதைக் கேட்டால் என்ன நடக்கிறது? "சுகர்னு சொன்னீங்களே சார்" என்று அக்கறையாக டயட் கோக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.