அரைத்து வருவதல்ல துத்தநாகத் தூள்

துத்தநாகத் தூள் பற்றிய கட்டுரை நல்ல கட்டுரை. ஆனால் துத்தநாகக் கட்டியை அரைத்துத்தான் தூள் எடுக்கிறார்கள் என்று அதில் சொல்லியிருப்பது சரியில்லை. உருக்கினால் மட்டும் போதாது, கொதிக்கவே விட வேண்டும். 419 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் ஆவியாகும் உலோகம் இது. அந்த ஆவியைக் காற்றுப் படாத அறைக்குள் சட்டென்று குளிர வைத்தால், சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக் குட்டிக் குட்டி உருண்டைகளாகப் படியும். காற்று புகுந்தால் வெள்ளை ஆக்சைடுதான் மிஞ்சும். உருகிய உலோகத்தின் மேல் அழுத்தக் காற்றைப் பீச்சி எடுப்பது வேறு ரகம். அது கொஞ்சம் பருமனாக, கோணல்மாணலாக இருக்கும்.

இந்தத் தூள் அதிகம் செலவாவது துருத்தடுப்பு பிரைமரில், அதாவது இரும்பின் மேல் முதலில் அடிக்கும் பூச்சில். காய்ந்த படலத்தின் எடையில் 80 சதவீதமாவது துத்தநாகம் வேண்டும் என்பது தர அளவு. துகளும் துகளும் தொட்டுக்கொண்டு மின்சாரம் ஓடினால்தான் இரும்புக்குப் பதில் துத்தநாகம் அரிபடும். பெயின்ட் வேலையில் நான் பார்த்தது: கலக்கிவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால் சாம்பல் நிறத் தூள் மொத்தமும் அடியில் போய் இறுகிக் கிடக்கும். மேலே இருப்பதை அடித்தால் வெறும் பிசின்தான். அதனால் அடிக்கும்போதும் கலக்கும் கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தங்கம் எடுக்கும் ஆலைகளிலும் இதற்கு வேலை உண்டு: சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரித்துக் கீழே தள்ளுவது இதே தூள்தான்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்று, ஈரம். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். மூடி உப்பிய டப்பாவை நானே பார்த்திருக்கிறேன். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, உலர்ந்த மணல்தான்.