சூடான கடலுக்கும் குளிர்ந்த நீருக்கும் ஒரே ஃபின் போதுமா?

டைவிங் பழகி முடித்து, சொந்தமாகச் சாமான் வாங்க ஆரம்பிக்கிற பலரும் கேட்கிற கேள்வி இது. 28 டிகிரி கடலிலும் இறங்க வேண்டும், அப்புறம் 8 டிகிரி ஏரியிலும் இறங்க வேண்டும், இரண்டுக்கும் ஒரே ஜோடி ஃபின் (காலில் மாட்டுகிற நீச்சல் துடுப்பு) வாங்கினால் சமாளிக்க முடியுமா? கேட்டவுடன் ஆளாளுக்கு பிளேடைப் பற்றி, அதாவது தண்ணீரைத் தள்ளுகிற அந்தத் தட்டையான பகுதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நடுவில் பிளந்தது நல்லதா பிளக்காதது நல்லதா, ரப்பரா பிளாஸ்டிக்கா, நீளமா குட்டையா என்று சண்டை விடிய விடிய நடக்கும்.

என்னைக் கேட்டால் பிளேடு மூன்றாவது கவலை. உங்கள் கால் எந்தப் பூட்ஸுக்குள் இருக்கப்போகிறது என்பது முதல் கவலை. அந்த ஃபின் தண்ணீரில் மூழ்குமா மிதக்குமா என்பது இரண்டாவது. இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் சுமாரான பிளேடை வைத்துக்கூட நிம்மதியாக டைவ் செய்யலாம். இவை அமையாவிட்டால் எவ்வளவு உசத்தியான பிளேடும் காலைப் பாடாய்ப் படுத்தும்.

காலிலிருந்தே தொடங்குவோம். வெதுவெதுப்பான கடலில் படகிலிருந்து குதிப்பவருக்கு வெறுங்காலோ மெல்லிய சாக்ஸோ போதும். குதிகாலையும் சேர்த்து மூடுகிற முழுக்கால் ஃபின் அவருக்காகவே செய்தது. லேசாக இருக்கும், பையிலும் எளிதாக அடங்கும். குளிர்ந்த நீரில் கதையே வேறு. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதனால் 5 அல்லது 7 மில்லிமீட்டர் நியோபிரீன் (நுரை ரப்பர்) பூட்ஸ் வேண்டும். டிரைசூட், அதாவது தண்ணீர் உள்ளே வராத டைவிங் உடை போடுபவர் என்றால் உள்ளே கனத்த சாக்ஸ், அதற்கு மேல் சூட்டோடு சேர்ந்த பூட்ஸ், அல்லது சூட்டின் நியோபிரீன் சாக்ஸுக்கு மேல் லேஸ் கட்டுகிற தனி பூட்ஸ் என்று பாதத்தின் சுற்றளவு எங்கேயோ போய்விடும். முழுக்கால் ஃபினுக்கு இங்கே வேலையே இல்லை. இரண்டு நீருக்கும் ஒன்றே என்றால் குதிகால் திறந்த, ஸ்ட்ராப் போட்ட ஃபின்தான். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

விவாதம் அளவில்தான் இருக்கிறது. பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் எழுத்தையும் நம்பவே நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் லார்ஜ் இன்னொரு கம்பெனியின் மீடியத்தைவிடச் சின்னதாக இருக்கும். குளிர்நீரில் போடப்போகும் அதே பூட்ஸையும் உள்ளே போடும் அதே சாக்ஸையும் கையோடு கொண்டுபோங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்ட்ராப்பை விலக்கிவிட்டு, பூட்ஸை ஃபின்னின் பாக்கெட்டுக்குள், அதாவது பாதம் நுழைகிற பகுதிக்குள் தள்ளுங்கள். பூட்ஸின் குதிகால் மட்டும் வெளியே நிற்க வேண்டும். பாக்கெட்டின் மேல் விளிம்பு புறங்காலில் அழுந்தக் கூடாது. இப்போது காலைத் தூக்கி லேசாக ஆட்டிப் பாருங்கள். ஸ்ட்ராப் இல்லாமலேயே ஃபின் உடனே நழுவி விழாமல் இருந்தால் நல்ல பொருத்தம். பக்கவாட்டில் கடகடவென்று ஆடினால் பெரிசு. அடிப்பாகம் கெட்டியான பூட்ஸ் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்த அடிப்பாகத்தின் ஓரம் பாக்கெட்டின் வாயிலேயே சிக்கி நின்றுவிடும், பாதம் பாதிதான் உள்ளே போயிருக்கும். போட்டவருக்கு அது இறுக்கமான நல்ல பொருத்தம் மாதிரியே தோன்றும். தண்ணீரில் நாலு உதை உதைத்ததும் கழன்றுவிடும்.

பிறகு அப்படியே பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். விரல்கள் மரத்தாலோ உள்ளங்காலின் வளைவில் வலி எடுத்தாலோ அடுத்த அளவுக்குப் போய்விடுங்கள். இறுக்கமான பாக்கெட் சூடான கடலில் தொந்தரவு மட்டும்தான். குளிர்ந்த நீரில் அது ரத்த ஓட்டத்தைக் குறைத்து, ஏற்கெனவே குளிரில் இருக்கும் பாதத்தை இன்னும் விறைக்க வைக்கும், கூடவே கெண்டைக்கால் சதையும் பிடித்துக்கொள்ளும். பூட்ஸின் தடிமனை ஏற்றிக்கொண்டே போகிற சிலருக்குக் கால் சூடாகாமல் போவது ஏன் என்று புரியாது. அந்தத் தடிமனை எல்லாம் ஃபின் நசுக்கிவிடுகிறது, நசுங்கிய நியோபிரீன் குளிரைத் தடுக்காது.

சரி, குளிர்நீர் பூட்ஸுக்கு அளவெடுத்து வாங்கியாயிற்று. அதே ஃபின்னை 3 மில்லிமீட்டர் பூட்ஸோடு சூடான கடலுக்குக் கொண்டுபோனால்? அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற குழந்தை மாதிரி இருக்கும். உதைக்கிற பலத்தில் பாதி பாக்கெட்டுக்குள்ளேயே வீணாகும், தோலும் உரியும். இதற்கு ஒரு வழி உண்டு. சூடான கடலுக்கும் அடிப்பாகம் கனமான 5 மில்லிமீட்டர் பூட்ஸே போட்டுக்கொள்வது. காலில் கொஞ்சம் புழுங்கும், அவ்வளவுதான். கரையிலிருந்து பாறைமேல் நடந்து இறங்க வேண்டிய இடமென்றால் அந்தக் கனத்த அடிப்பாகம் வரம்தான், கடல் முள்ளெலி மேல் மெல்லிய சாக்ஸோடு கால் வைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அரை அளவு வித்தியாசத்தை இப்படிச் சரிக்கட்டலாம். வித்தியாசம் ஒரு முழு அளவைத் தாண்டினால் சமாளிக்கவே நினைக்காதீர்கள். வெட்சூட்டிலிருந்து (தண்ணீர் உள்ளே புகுகிற நியோபிரீன் உடை) டிரைசூட்டுக்குப் போகிறவர்களுக்கு அநேகமாகத் தாண்டும். அவர்கள் ஒரே மாடலில் இரண்டு அளவுகள் வாங்கிவிடலாம். ஆடம்பரம் என்று தோன்றும். ஆனால் பிளேடின் குணம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் கால் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

டிரைசூட்டில் அளவுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சூட்டுக்குள் இருக்கும் காற்று எது மேலே இருக்கிறதோ அங்கே ஓடும். தலை கீழாகவும் கால் மேலாகவும் ஆகிவிட்டால் அத்தனை காற்றும் பூட்ஸுக்குள் வந்துவிடும். பூட்ஸ் உப்பும், பாதம் அதற்குள்ளே பின்வாங்கும், பாக்கெட் தளர்வாக இருந்தால் ஃபின் கழன்று போகும். ஃபின் இல்லாமல், கால் மேலே, வயிறு முட்ட காற்று என்ற நிலையில் கட்டுப்பாடில்லாமல் மேலே போவது விளையாட்டல்ல.

இரண்டாவது கவலைக்கு வருகிறேன். ஃபின்னின் எடை. எனக்குச் சொல்ல நிறைய இருப்பது இங்கேதான்.

குளிர்நீர் டைவர்கள் பலரின் காலில் கறுப்பாக, குட்டையாக, பட்டையாக, கெட்டி ரப்பரில் ஒரு ஃபின்னைப் பார்க்கலாம். நடுவில் துளைகள் இருக்கும். பிரான்சின் பூஷா கம்பெனி 1964-ல் கொண்டுவந்த ஜெட்ஃபின் வடிவம் அது. லூயி டி கோர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1933-ல் ரப்பர் நீச்சல் ஃபின்னுக்குக் காப்புரிமை வாங்கி முப்பது வருடம் கழித்து வந்த வடிவம், இன்றைக்கும் பெரிய மாற்றமில்லாமல் விற்கிறது. அது நிலைத்ததற்குக் காரணம் உறுதி மட்டுமல்ல. அந்த ரப்பர் தண்ணீரில் மூழ்கும். டிரைசூட்டின் கால் பகுதியில் தேங்கும் காற்று காலை மேலே தூக்கப் பார்க்கும்போது இந்த எடை அதைக் கீழே பிடித்து வைக்கும்.

அதே ஃபின்னைச் சூடான கடலில், மெல்லிய வெட்சூட்டோடு போட்டால் என்ன ஆகும்? பலருக்குக் கால் தொங்கிவிடும். உடம்பு சாய்ந்து, தலை மேலே கால் கீழே என்று நீந்துவார்கள். எதிர்ப்பு கூடும், காற்று சீக்கிரம் தீரும், ஒவ்வொரு உதைக்கும் அடியிலிருக்கும் மணல் கிளம்பும், பவளம் அடிபடும். பின்னால் வருகிறவர் மனதுக்குள் திட்டுவார். இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. தண்ணீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். இரண்டு மடங்கு வேகத்தில் எதிர்ப்பு நாலு மடங்கு, அதையும் இரண்டு மடங்கு வேகத்தில் தள்ள வேண்டும் என்பதால் எட்டு மடங்கு சக்தி வேண்டும். உடம்பைக் கிடைமட்டமாக வைத்திருப்பவர் மெதுவாக உதைத்தே போய்ச் சேர்ந்துவிடுவார். சாய்ந்து நீந்துபவர் அதே தூரத்துக்கு மூச்சு வாங்குவார்.

உங்கள் கால் எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது சுலபம். ஆழம் குறைந்த இடத்தில், சிலிண்டர் ஓரளவு காலியான பிறகு, மிதப்பைச் சமன் செய்துகொண்டு குப்புறப் படுத்த நிலையில் முழங்காலை மடக்கி எல்லா அசைவையும் நிறுத்துங்கள். கையையும் அசைக்கக் கூடாது, அதுதான் பலருக்குக் கஷ்டம். மெல்ல எது முதலில் கீழே போகிறது என்று பாருங்கள். கால் போனால் லேசான ஃபின் உங்களுக்கு நல்லது, சிலிண்டரைத் தலைப்பக்கம் சற்று ஏற்றிக் கட்டியும் பார்க்கலாம். தலை போனால் இதற்கு நேர்மாறு. சூடான நீரில் ஒரு தடவை, குளிர்நீருக்கான டைவிங் உடையில் ஒரு தடவை பாருங்கள். பதில் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்கும், எஃகு சிலிண்டர் பெரும்பாலும் அப்படிச் செய்யாது. எனவே எந்தச் சிலிண்டரில் பார்த்தீர்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டு நீருக்கும் ஒரே ஜோடிதான் என்று முடிவு செய்தவருக்கு என் சிபாரிசு: இருப்பதிலேயே கனமான ரப்பரை எடுக்காதீர்கள், மிதக்கிற பிளாஸ்டிக்கையும் எடுக்காதீர்கள். லேசாக மூழ்கும் ஃபின்னை எடுங்கள். குளிர்நீரில் கால் மிதந்தால் அதற்குச் செய்ய வேறு வழிகள் இருக்கின்றன. டிரைசூட்டுக்குள் தேவைக்கு மேல் காற்று விடாமல் இருக்கலாம், கால் பகுதியை இறுக்கிப் பிடிக்கிற உறை போடலாம், மூழ்குவதற்காகக் கட்டும் எடைகளைக் கால் பக்கம் நகர்த்தலாம். கணுக்காலில் எடை கட்டுவது மட்டும் எனக்குப் பிடிக்காது, ஒவ்வொரு உதைக்கும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஆனால் சூடான கடலில் கனமான ஃபின்னை லேசாக்க எந்த வழியும் கிடையாது. காலில் கனம் அதிகம் என்றால் டைவ் முடியும்வரை அதைச் சுமந்தே தீர வேண்டும். பெரிய அளவு ரப்பர் ஃபின் ஒரு ஜோடி 3 கிலோவை நெருங்கும். விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கு அதுவும் கையைக் கடிக்கும்.

இப்போது பிளேடு. சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். பிளந்த ஃபின் மேலும் கீழும் உதைப்பவருக்குச் சுகம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நிஜமாகவே உதவும். ஆனால் தவளை உதை, பின்னோக்கி நகர்வது, நின்ற இடத்தில் திரும்புவது இவற்றுக்கெல்லாம் அது குழைந்துவிடும். குளிர்ந்த ஏரிகளின் அடியில் பெரும்பாலும் சேறு, மேலும் கீழும் உதைத்தால் அடுத்த நொடி எதுவும் தெரியாது. அங்கே தவளை உதைதான் கைகொடுக்கும். சூடான கடலிலும் பவளத்துக்குப் பக்கத்தில் அதுவே நல்லது. ஆகவே பிளக்காத, நடுத்தரக் கெட்டியான, அதிக நீளமில்லாத பிளேடு இரண்டு நீருக்கும் ஒத்துவரும். குளிரில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் விறைக்கும் என்பதால் கடையில் வளைத்துப் பார்க்கும்போதே கெட்டியாகத் தெரிவதை எடுக்க வேண்டாம்.

ஸ்ட்ராப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது அநியாயம். ரப்பர் ஸ்ட்ராப் பக்கிளுக்குப் பக்கத்தில்தான் முதலில் வெடிக்கும். விரல்கள் மரத்துப்போய், 5 மில்லிமீட்டர் கையுறையோடு, ஏணியைப் பிடித்துக்கொண்டு அலையில் ஆடியபடி அந்தச் சின்னப் பக்கிளை அமுக்கிப் பாருங்கள். ஸ்டீல் ஸ்பிரிங் ஸ்ட்ராப்பில் குதிகாலுக்குப் பின்னால் ஒரு வளையம் இருக்கும். கட்டைவிரலை விட்டு இழுத்தால் வந்துவிடும். ஆனால் ஸ்பிரிங்கின் நீளத்தை இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்க முடியாது. தடித்த பூட்ஸுக்குச் சரியாக இருப்பது மெல்லிய பூட்ஸில் தளரும். இரண்டு பூட்ஸ் மாற்றி மாற்றிப் போடுகிறவர் ஸ்பிரிங்கை மாட்ட ஒன்றுக்கு மேல் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஒரு வகை ஆட்களுக்கு இதுவரை சொன்னதில் பாதி தேவையே இல்லை. வருடத்தில் பெரும்பாலும் சூடான கடலில் இறங்கி, எப்போதாவது ஒரு தடவை வாடகை டிரைசூட்டில் குளிர்நீரைப் பார்க்கிறவர்கள். ஒவ்வொரு வாடகை சூட்டிலும் பூட்ஸ் வேறு அளவில் இருக்கும். எந்த ஃபின்னை வாங்கி வைத்தாலும் அந்தப் பூட்ஸுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. சூட் எடுக்கிற இடத்திலேயே, அந்தப் பூட்ஸைப் போட்டுக்கொண்டே, ஃபின்னையும் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். சொந்தக் காசைச் சூடான கடல் ஜோடிக்கு மட்டும் செலவழியுங்கள், அதில் முழுக்கால் ஃபின் வாங்கினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.