மஞ்சளை நீலமாக்கினால் எங்கள் வீடுகள் தள்ளிப் போய்விடுமா?

எங்கள் தெருமுனையில் காலியாகக் கிடக்கிற சைட்டில் பெட்ரோல் பங்க் வரப்போகிறதாம். பெங்களூரில் ஜீவனஹள்ளிப் பக்கம், நாற்பதடி ரோடு, இரண்டு பக்கமும் வீடுகள், நாலு வீடு தள்ளி ஒரு நர்சரி பள்ளி. நகரின் மாஸ்டர் பிளான் வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில், அதாவது குடியிருப்பு மண்டலத்தில் இருக்கும் அந்த நிலத்தை, நீல நிற வணிக மண்டலமாக மாற்றித் தரச் சொல்லி மனு போட்டிருக்கிறார்கள்.

இப்படி மாற்றும் முன் பொதுமக்களிடம் ஆட்சேபணை கேட்க வேண்டும். 1961ஆம் வருஷத்துக் கர்நாடக நகர, ஊரமைப்புச் சட்டத்தின் 14ஏ பிரிவு அதைத்தான் சொல்கிறது. பத்திரிகையில் அறிவிப்பு போட்டு, குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அறிவிப்பு வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எப்படி? எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் வாங்காத பத்திரிகையின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், வெறும் சர்வே நம்பரோடு. தெருப்பெயர் கிடையாது. பெட்ரோல் என்ற வார்த்தையே கிடையாது. எதிர்வீட்டுக் கன்னடக்கார அக்கா தன் ஆபீசில் தற்செயலாக அதைப் பார்த்திருக்காவிட்டால், ஜேசிபி வந்து குழி தோண்டும் அன்றுதான் எங்களுக்கே தெரிந்திருக்கும். பாதிக்கப்படப் போகிறவன் கண்ணில் படக்கூடாது என்றே எழுதிய அறிவிப்புக்கு ஆட்சேபணை எங்கிருந்து வரும்?

மிச்சமிருந்த நாட்களுக்குள் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆட்சேபணை கொடுக்க வேண்டிய அலுவலகத்தில் போய் நின்றோம். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என்று எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்தார்கள். பாதிப் பேர் அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். அங்கே எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "இதில் எத்தனை பேர் சொந்த வீட்டுக்காரர்கள்?"

வயிறு பற்றி எரிந்தது. வாடகைக்கு இருப்பவர் பிள்ளைக்கு நுரையீரல் கிடையாதா? பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை வைத்திருக்கிறது. டேங்கர் லாரி வந்து நிலத்தடித் தொட்டியில் பெட்ரோல் இறக்கும்போது, உள்ளே தேங்கியிருக்கும் ஆவி வென்ட் குழாய் வழியாக வெளியே வரும். அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் கருவி உண்டு. ஆனால் எல்லா பங்க்கிலும் கட்டாயமில்லை, விற்பனை அளவைப் பொறுத்துத்தான். முதல் மாடியில் துணி காயப்போடுகிற அம்மாவுக்கு அந்தக் குழாய் முகத்துக்கு நேரே நிற்கும். பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டா அந்தக் காற்று வீட்டுக்குள் நுழையப்போகிறது?

இதையெல்லாம் யோசித்துத்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் விதி போட்டது. பள்ளிகள், பத்துப் படுக்கையோ அதற்கு மேலோ உள்ள மருத்துவமனைகள், குடியிருப்புப் பகுதிகள் ஆகியவற்றிலிருந்து புது பங்க் 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். இடநெருக்கடி என்றால் கூடுதல் பாதுகாப்போடு அனுமதிக்கலாம். அப்போதும் 30 மீட்டருக்குக் குறையவே கூடாது. நாற்பதடி ரோடு என்பது 12 மீட்டர். எதிர்வரிசை வீடுகளுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவில் இருப்பது அந்த ரோடு மட்டும்தான். பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு காம்பவுண்டு சுவர். இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி வேண்டும்?

என்னை அதிகம் கொதிக்க வைப்பது இனிமேல்தான். அந்த விதியில் குடியிருப்புப் பகுதி என்றால், உள்ளூர்ச் சட்டப்படி அப்படிக் குறிக்கப்பட்ட பகுதி. அதாவது மாஸ்டர் பிளான் வரைபடத்தில் மஞ்சளாக இருக்கிற இடம். மஞ்சள் போனால், வீடுகளுக்கான அந்த 50 மீட்டர் கணக்கும் போய்விடும். அதனால்தான் இப்போதே, "இந்த ரோட்டில் ஏற்கெனவே கடைகள் இருக்கின்றன, இது கிட்டத்தட்ட வணிகப் பகுதிதான்" என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். இருப்பது ஒரு மளிகைக்கடை, ஒரு தையல்கடை, ஒரு இஸ்திரி வண்டி. இன்றைக்கு முனை சைட் நீலமாகும். நாளைக்கு அதைக் காட்டியே அடுத்த சைட். இந்த மஞ்சள் நிறத்தை நம்பித்தான் ஜனங்கள் சீட்டுப் போட்டு, நகையை அடகு வைத்து, இங்கே வீடு கட்டினார்கள். ஒருவருடைய வியாபாரத்துக்காக அதை அழிப்பதற்குப் பெயர் பொதுநலனா?

"நீங்கள் வண்டிக்குப் பெட்ரோல் போடுவதில்லையா?" என்று சிலர் மடக்குகிறார்கள். போடுகிறோம். மெயின்ரோட்டில் பங்க் இருக்கிறது, வண்டியில் ஐந்து நிமிஷம். பங்க்கே கூடாது என்று யார் சொன்னது? பள்ளி விடுகிற நேரத்தில் டேங்கர் ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி இந்தத் தெருவுக்குள் வேண்டாம் என்கிறோம். அப்புறம் தண்ணீர். 2024 கோடையில் போர்வெல் வற்றி இந்த ஊர் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. நிலத்தடித் தொட்டி கசிந்தால், மிச்சமிருக்கிற போர்வெல்லையும் மூட வேண்டியதுதான்.

முறையிட கவுன்சிலர் உண்டா என்றால் அதுவும் இல்லை. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஐந்து வருஷம் தேர்தலே நடக்கவில்லை. வார்டுக்கு ஒரு ஆள் இருந்தால் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்போம்.

தெருக்காரர்கள் பேசி என்ன ஆகும் என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதே பெங்களூரில், ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில், பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். வழக்குத் தொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி, 1991இல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அதனால் நாங்கள் கேட்பது இதுதான். அறிவிப்பைத் தெருப்பெயரோடு, பெட்ரோல் பங்க் என்று தெளிவாக எழுதி, அந்த சைட்டிலேயே போர்டாக மாட்டுங்கள். விசாரணையை ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் வையுங்கள், வாடகைக்காரர்களையும் பேச விடுங்கள். வரும்போது அளவு நாடா கொண்டு வாருங்கள். பள்ளி கேட் வரைக்கும், எதிர்வீட்டு வாசல் வரைக்கும் எங்கள் கண்ணெதிரே அளந்து, எத்தனை மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.