ஓபரா அன்று என்று தீர்ப்பெழுதிய பெரியவருக்கு

அந்தக் காணொளியையும் அதற்குக் கீழே ஒரு பெரியவர் எழுதியதையும் இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆவிகளுக்காகச் சீனர்கள் நடத்தும் ஏழாம் மாத விழா மேடையில் பள்ளி செல்லும் பெண் ஒருத்தி ‘ச்சி லிங்’ என்ற சீன பாப் பாட்டைப் பாடினாள். நடுவில் குரலை உயர்த்தி, ஓபரா எனப்படும் பழைய சீன இசைநாடகங்களின் பெண் பாத்திரங்களுக்குரிய மெல்லிய பொய்க்குரலுக்கு மாறினாள். உடனே தீர்ப்பு வந்துவிட்டது: இது ஓபரா அன்று, ஓபராவின் அரிதாரம் பூசிய மலிவான பாப் பாட்டு.

ஓபரா அன்றுதான். ஓபரா என்று யார் சொன்னது? பாப் பாடகர் வாங் லீஹோம் 2005இன் இறுதியில் பெய்ஜிங் ஓபராவையும் குன்ச்சு என்ற மற்றோர் ஓபரா வகையையும் ஹிப்ஹாப்போடு சேர்த்து ஒரு தொகுப்பு வெளியிட்டபோதும், 2006இல் இன்னொரு பாப் பாடகர் ஜே சௌ ‘ஹுவோ யுவான்ஜியா’ பாட்டில் தாமே பெண் குரலெடுத்துப் பாடியபோதும், அதை ஓபரா என்று நம்பி யாரும் ஏமாந்துவிடவில்லை. ஏமாறாதவர்களை எச்சரிக்க இத்தனை கோபம் எதற்கு?

தூய்மை கெடுகிறதாம். எந்தத் தூய்மை? பெய்ஜிங் ஓபராவே வெளியூரிலிருந்து வந்து சேர்ந்ததுதான். 1790இல் சியான்லோங் பேரரசரின் எண்பதாம் பிறந்தநாளையொட்டி ஆன்ஹுய் குழுக்கள் தலைநகருக்கு வந்தன. அவர்களின் அர்ஹுவாங் இசையோடு ஹூபெய் கலைஞர்களின் சீப்பி இசை பிற்பாடு கலந்ததால்தான் அந்தக் கலையே உருவாயிற்று. 1920களில் பெண் வேடங்களுக்குப் பேர்போன ஓபரா கலைஞர் மெய் லான்ஃபாங், ஜிங்ஹு என்ற வில்வாத்தியத்துக்குத் துணையாக அர்ஹு என்ற இன்னொரு வில்வாத்தியத்தையும் சேர்த்துக்கொண்டார். இன்று அது மரபு. நம் பெரியவர் அன்று இருந்திருந்தால் அதற்கும் ஒரு கண்டனம் எழுதியிருப்பார்.

ஓபரா கலந்த இந்தப் பாப் பாட்டுகள் ஒரே குரலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்ற குறையை மட்டும் என்னால் மறுக்க முடியாது. 2017இல் வெளியான கணக்கெடுப்பின்படி சீனாவில் 348 வகை இசைநாடகங்கள் உள்ளன. பெய்ஜிங் ஓபராவை மட்டும் எடுத்துக்கொண்டாலும், முதியவர் பாத்திரம் இயல்பான குரலில் பாடும், முகத்தில் வண்ணம் தீட்டிய பாத்திரம் இடிபோல முழங்கும்; பாப் உலகமோ பெண் பாத்திரத்தின் குரலோடு நின்றுவிட்டது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குறையைச் சொல்பவர் 348இல் நான்கையாவது உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் பேத்தி. என் சிறுவயதில் சிங்கப்பூர்க் கோயில் திடல்களில் தியோசூ வாயாங், அதாவது தியோசூ என்ற சீன வட்டாரமொழித் தெருமேடை ஓபரா, நடக்கும்போது ஆன்ட்டி என்னையும் அழைத்துச் சென்று, மேடையில் யார் யாரை ஏமாற்றுகிறார் என்று மலாயில் கதை சொல்வார். அந்தக் கதைகளைத் தம் பேத்திக்கு அவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவளுக்குத் தியோசூ தெரியாது; வட்டாரமொழிகளை விட்டு மாண்டரின் பேசச் சொல்லி 1979இல் அரசு மாண்டரின் பேசும் இயக்கத்தைத் தொடங்கிய பிறகு எத்தனையோ வீடுகளில் நேர்ந்ததுதான் இது. சாப்பிட்டாயா என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சே இருந்ததில்லை. இந்த மலிவான பாட்டு வந்த பிறகுதான் ஆன்ட்டி அவள் கையைப் பிடித்து, ஓபராவில் பெண் பாத்திரங்கள் விரல்களால் காட்டும் ஆர்க்கிட் முத்திரையில் நடுவிரல் எவ்வளவு வளைய வேண்டும் என்று திருத்திக் காட்டினார். பாட்டு மாண்டரின், பாட்டியின் கலை தியோசூ, இரண்டும் வேறு வேறு என்று பெரியவர் விளக்கம் தருவார். ஆன்ட்டிக்கு அது தெரியாதா என்ன? ஒரு வாரம் கேலியைப் படித்துவிட்டு, நேற்று அந்தப் பெண் காணொளியை நீக்கிவிட்டாள். மரபு காப்பாற்றப்பட்டது; வாழ்த்துகள்.

இவர்களெல்லாம் பாட்டோடு நின்றுவிடுவார்கள், ஓபரா பார்க்க வரமாட்டார்கள் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். வராமலே போகட்டும். மரபுக்காக இவ்வளவு துடிப்பவர்களில் எத்தனை பேர் வந்தார்கள்? ஏழாம் மாதத்தில் கூட்டமெல்லாம் கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் நிற்க, வாயாங் கலைஞர்கள் ஏழெட்டு முதியவர்களுக்காக முழு ஒப்பனையோடு ஆடி முடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆண்டு நீங்களும் வாருங்கள், ஐயா. முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள், அது ஆவிகளுக்கு விட்டது. மற்ற வரிசைகளில் எங்கே வேண்டுமானாலும் கால் நீட்டி அமரலாம்.